45-இலிருந்து 15 போனால்?

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டுநர். 2015-இல் வேறொரு முதலாளியிடம் இருந்தபோது, லோடுக்குத் தார்ப்பாய் கட்டுகையில் மேலிருந்து விழுந்து வலது கணுக்கால் முறிந்தது. 15 சதவீத ஊனம் என்று கணக்கிட்டு அப்போது ஒரு தொகை கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் மறுபடியும் வண்டி ஏறிவிட்டார். அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினார். 2024 மார்ச்சில், இப்போதைய முதலாளியின் லாரியை ஓட்டிச் சென்றபோது கிருஷ்ணகிரி அருகே விபத்து. அதே வலது காலில் தொடை எலும்பின் கீழ்முனையும் முழங்காலும் நொறுங்கி, பிளேட் வைத்திருக்கிறார்கள். மருத்துவர் 45 சதவீத ஊனம் என்று சான்று கொடுத்தார். தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு போட்டிருக்கிறோம். இன்சூரன்ஸ் வக்கீல், "பழைய 15-ஐக் கழித்துக்கொண்டு 30 சதவீதத்துக்குத்தான் தருவோம், மூட்டுத் தேய்மானமும் இருக்கிறது" என்கிறார். முதலாளி, "பழைய முதலாளியையும் கேஸில் சேருங்கள், பாதிப் பொறுப்பு அவருடையது" என்கிறார். 2025-இல் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது மருத்துவர் சான்று தர மறுத்துவிட்டார். இப்போது இரவுக் காவலாளியாக மாதம் 7,000 ரூபாய் வாங்குகிறார். முன்பு 18,000. பழைய காயத்தைச் சொன்னதே தப்போ என்று தோன்றுகிறது. விபத்தின்போது அவருக்கு 45 வயது முடிந்திருந்தது.
— வாசகி, நாமக்கல் மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். பழைய காயத்தைச் சொன்னது தப்பே இல்லை. சொல்லாமல் விட்டிருந்தால்தான் இந்த வழக்கு கெட்டிருக்கும். கட்சிக்காரர் ஒருவர் என்னிடமும் மறைத்து, ஆணையரிடமும் மறைத்து, குறுக்கு விசாரணையில் "இதற்கு முன் இந்தக் காலில் அடிபட்டதே இல்லை" என்று கூண்டில் நின்று சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒன்றும் பேசாமல் பத்து வருடத்துக்கு முந்தைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்து நீட்டினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் சொன்ன உண்மைகளைக்கூட யாரும் நம்பவில்லை. எலும்பில் ஏற்பட்ட முறிவு எக்ஸ்ரேயில் ஆயுளுக்கும் தெரியும். அதை ஒளிக்க முடியாது. சரியான இடத்தில் நாமே எடுத்து வைக்கலாம். அந்த இடம் எது என்பதைத்தான் இனி எழுதப் போகிறேன்.

எந்தச் சட்டம் என்பதை ஒரு வரியில் முடித்துவிடலாம். 2025 நவம்பர் 21 முதல், பழைய இழப்பீட்டுச் சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் விபத்து அதற்கு முன்பே நடந்ததால், 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தை வைத்தே பேசுகிறேன்.

இந்தச் சட்டத்தின் வரையறைப் பிரிவில், நிரந்தரமான பகுதி இயலாமை என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறார்கள். விபத்து நடந்த அந்த நேரத்தில் அவர் எந்தெந்த வேலைகளைச் செய்யக்கூடியவராக இருந்தாரோ, அந்த வேலைகளில் அவருடைய வருவாய் ஈட்டும் திறன் குறைந்து போவது. "அந்த நேரத்தில்" என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு போட்டுக்கொள்ளுங்கள். அடிபடாத, குறையே இல்லாத ஒரு மனிதனோடு உங்கள் கணவரை ஒப்பிடச் சட்டம் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் விபத்துக்கு முந்தைய நாள் காலையில் அவர் எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று மட்டும் பார்க்கச் சொல்கிறது. அன்று காலை அவர் கனரக வாகனம் ஓட்டிக்கொண்டிருந்தார். பழைய கணுக்காலோடுதான் ஓட்டினார். முழுச் சம்பளமும் வாங்கினார்.

இன்னொன்றும் உண்டு. இழப்பீட்டுத் தொகை சம்பளத்தை அடிப்படையாக வைத்துக் கணக்கிடப்படுகிறது. பழைய காயம் உண்மையிலேயே அவருடைய திறனைக் குறைத்திருந்தால், அந்தக் குறைவு ஏற்கெனவே அவருடைய சம்பளத்தில் விழுந்திருக்கும். சம்பளத்தில் ஒரு முறை, சதவீதத்தில் மறுமுறை என்று ஒரே காயத்துக்கு இரண்டு தடவை கழிப்பது எந்த ஊர்க் கணக்கு?

இனி ரூபாயில் பார்ப்போம். அவர் 18,000 வாங்கினாலும் சட்டம் மாதச் சம்பளமாக 15,000 வரைதான் ஏற்கும். 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உச்சவரம்பு அது. அதனால் பேட்டா சம்பளத்தில் சேருமா சேராதா என்று சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். 15,000-இல் 60 சதவீதம் 9,000. 45 வயதுக்கு நான்காம் அட்டவணை தரும் காரணி எண் 169.44. இரண்டையும் பெருக்கினால் 15,24,960 ரூபாய். இது முழு இயலாமைக்கான தொகை. இதில் 45 சதவீதம் 6,86,232. இன்சூரன்ஸ் வக்கீல் சொல்லும் 30 சதவீதம் 4,57,488. ஒரு கழித்தல் குறியின் விலை 2,28,744 ரூபாய். அவர் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

அந்தக் கழித்தலில் வேறொரு கோளாறும் இருக்கிறது. 2015-இன் 15 கணுக்காலைப் பற்றியது. இன்றைய 45 எதைப் பற்றியது? முழங்கால், தொடை ஆகிய புதிய காயங்களை மட்டும் பார்த்து மருத்துவர் அதை எழுதியிருந்தால், அதிலிருந்து கணுக்காலைக் கழிப்பது கத்தரிக்காய் எடையிலிருந்து வெங்காய எடையைக் கழிப்பதற்குச் சமம். ஆனால் இடுப்பிலிருந்து பாதம் வரை மொத்தக் காலையும், கணுக்காலின் பழைய விறைப்பையும் சேர்த்து அளந்து 45 என்று எழுதியிருந்தால் எதிர்த்தரப்பின் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். 2015-லேயே பணம் வாங்கிய ஒரு குறைக்கு இன்னொரு முதலாளியிடம் மறுபடியும் பணம் கேட்க முடியாது. ஆகவே சான்று கொடுத்த மருத்துவர் சாட்சி சொல்ல வரும்போது முதல் கேள்வியே இதுவாக இருக்க வேண்டும்: "இந்த 45-இல் கணுக்கால் சேர்ந்திருக்கிறதா, இல்லையா?" நம் வக்கீல் இதைக் கேட்காவிட்டால் எதிர் வக்கீல் கேட்பார். அவர் கேட்டு வரும் பதில் வேறு மாதிரி ஒலிக்கும்.

மருத்துவர் சேர்ந்திருக்கிறது என்று சொன்னாலும் கதை முடிந்துவிடாது. மருத்துவர் சான்றில் எழுதும் ஊன சதவீதம் உடம்பைப் பற்றியது. சட்டம் பணம் தருவதோ வருவாய் ஈட்டும் திறன் இழப்புக்கு. இரண்டும் ஒன்றல்ல. வழக்குகளில் பாதி இந்தக் குழப்பத்திலேயே கரைந்து போகின்றன. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தச்சருக்கு இடது கை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்கப்பட்டது. எந்தக் காயத்துக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் முதல் அட்டவணையைப் பார்த்தால் அது பகுதி இயலாமைதான். ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, அதனால் அவருக்கு அது முழு இயலாமை என்று தீர்ப்பளித்தார்கள். 2008-இல் கே. ஜனார்தன் வழக்கில் மனுதாரர் டேங்கர் லாரி ஓட்டுநர். வலது காலை இழந்தவர். ஆணையர் 100 சதவீதம் என்றார், உயர் நீதிமன்றம் 65 ஆகக் குறைத்தது, உச்ச நீதிமன்றம் மறுபடியும் 100 ஆக்கியது. 2010-இல் தீர்ந்த ராஜ்குமார் வழக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் வந்தது என்றாலும் கருத்து இதுவே. ஒரே கை இழப்பு ஓட்டுநருக்கு ஏறக்குறைய முழு இழப்பாகலாம், அரசு அலுவலக எழுத்தருக்கு அப்படி ஆகாமல் போகலாம் என்று விளக்கியிருக்கிறார்கள்.

உங்கள் கணவருக்குக் கால் போகவில்லை. ஆனால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் மிதிக்கும் கால் அதுதான். உரிமம் புதுப்பிக்க மருத்துவர் சான்று தர மறுத்தார் என்று போகிற போக்கில் ஒரு வரியில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே மிகப் பெரிய விஷயம் அதுதான்! போக்குவரத்து வாகன உரிமத்தைப் புதுப்பிக்கப் படிவம் 1ஏ-இல் மருத்துவச் சான்று வேண்டும். 2015 விபத்துக்குப் பிறகு அவர் உரிமத்தைப் புதுப்பித்திருப்பார் அல்லவா? அந்தக் காலத்தில் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அப்படியானால் பழைய கணுக்காலோடு இருந்த அவரை ஒரு மருத்துவர் பார்த்து, கனரக வாகனம் ஓட்டத் தகுதியானவர் என்று கையெழுத்திட்டிருக்கிறார். அதற்குப் பிறகு நடந்த ஒரே மாற்றம் 2024 விபத்து. இப்போது மருத்துவர் மறுக்கிறார். பழைய காயம் எவ்வளவு, புதிய காயம் எவ்வளவு என்ற கேள்விக்கு ஆயிரம் வாதங்களைவிட இந்த இரண்டு காகிதங்கள் தெளிவாகப் பதில் சொல்லும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய புதுப்பித்தல் விவரங்களுக்கு விண்ணப்பியுங்கள். கிடைக்கத் தாமதமானால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மறுத்த மருத்துவரிடம் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லுக்கு விசாரணையில் மதிப்பில்லை.

100 சதவீதம் கேட்கலாமா என்று உங்கள் மனதில் இப்போது ஓடும். கேட்கலாம், ஆனால் கிடைப்பது கடினம் என்பது என் கணிப்பு. அவர் காவலாளியாக 7,000 சம்பாதிக்கிறார். அதை மறைக்கவும் கூடாது. ஆனால் அதே எண்ணை நம் பக்கமும் திருப்பலாம். 18,000 வாங்கியவர் 7,000-க்கு இறங்கியிருக்கிறார், கிட்டத்தட்ட 61 சதவீத வீழ்ச்சி. சட்டம் இப்படி நேரடியாக வகுத்துப் பார்க்கச் சொல்லவில்லை என்றாலும், 45 என்பது குறைவான மதிப்பீடு என்று காட்ட இதைவிட எளிய சான்று கிடையாது. நான் உங்கள் வக்கீலாக இருந்தால் மனுவைத் திருத்த அனுமதி கேட்டு, 60 சதவீதத்துக்குக் குறையாமல் என்று நிற்பேன். அது 9,14,976 ரூபாய். அட்டவணையில் இல்லாத காயத்துக்குத் தகுதியுள்ள மருத்துவரின் மதிப்பீடு கட்டாயம் என்பதால், அவரிடம் இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும். "ஊனம் எத்தனை சதவீதம் என்பது இருக்கட்டும், இந்த மனிதர் இனி கனரக வாகனம் ஓட்ட முடியுமா?" அவர் வாயிலிருந்து "முடியாது" என்ற சொல் பதிவேட்டில் ஏறினால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மூட்டுத் தேய்மானம் என்ற வாதத்துக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. நாற்பத்தைந்து வயதில் யாரை நிறுத்தி எக்ஸ்ரே எடுத்தாலும் ஏதாவது தேய்ந்துதான் இருக்கும், அந்த வக்கீலையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இது நூறாண்டுக்கு முன்பே அலசி முடித்த விஷயம். 1910-இல், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த குளோவர் கிளேட்டன் வழக்கில், ஒரு தொழிலாளி ஸ்பானரால் நட்டு முறுக்கிக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். அவருடைய பெருந்தமனி ஏற்கெனவே வீங்கி, எந்த நேரமும் வெடிக்கும் நிலையில் இருந்தது. தூக்கத்தில்கூட வெடித்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். ஆனால் அது வெடித்தது வேலையின்போது, வேலையின் அழுத்தத்தால். எனவே முதலாளி பொறுப்பு என்று தீர்ந்தது. நோயுள்ள உடம்போ, நல்ல உடம்போ, தொழிலாளி எந்த உடம்போடு வேலைக்கு வந்தாரோ அந்த உடம்போடுதான் சட்டம் அவரை ஏற்றுக்கொள்கிறது. நம் சட்டம் அந்த ஆங்கிலச் சட்டத்தின் வழிவந்தது, நம் நீதிமன்றங்களும் இந்தக் கருத்தை ஏற்றுக்கொண்டவை.

எங்கோ சில நாடுகளில் முறை வேறு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2004-இல் சட்டத்தைத் திருத்தி, இயலாமையில் இந்த விபத்தால் வந்தது எத்தனை சதவீதம், பழைய காரணங்களால் வந்தது எத்தனை சதவீதம் என்று மருத்துவர் பிரித்து எழுதியே ஆக வேண்டும் என்றார்கள். முன்பு ஒரு முறை இழப்பீடு வாங்கியிருந்தால் அந்த ஊனம் இன்னும் அப்படியே இருப்பதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று வாதாடவும் முடியாது. உங்கள் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பது ஏறக்குறைய அதைத்தான். அப்படியொரு பொதுவான பிரிவு 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கிடையாது. இருப்பதாக அவர் சொன்னால் பிரிவு எண்ணைக் கேளுங்கள்.

மாறாக, பழைய குறையால் இழப்பீடு கூடும் இடமும் நம் அட்டவணையிலேயே இருக்கிறது. ஒரு கண்ணில் பார்வை போனால் 30 சதவீதம் என்று எழுதிவிட்டு, "மற்றொரு கண் இயல்பாக இருக்கும்போது" என்று சேர்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே ஒரு கண் இல்லாதவருக்கு வேலையிடத்தில் மற்றக் கண்ணும் போனால் 30-ஐ நீட்ட முடியாது. பார்வை தேவைப்படும் எந்த வேலையும் செய்ய முடியாத நிலை என்பது அட்டவணையின் முதல் பகுதியில் 100 சதவீதமாகவே இருக்கிறது. முதல் கண் போனதற்கு இந்த முதலாளி காரணமில்லை, ஆனாலும் முழுப் பொறுப்பும் அவருடையதுதான்.

முதலாளியின் கோரிக்கைக்கு வருவோம். பழைய முதலாளியை இந்த வழக்கில் சேர்க்க வேண்டாம். பல முதலாளிகளுக்கிடையே பொறுப்பைப் பங்கிடும் பிரிவு ஒன்று சட்டத்தில் இருப்பது உண்மை. மூன்றாவது பிரிவின் 2ஏ உட்பிரிவு. ஆனால் அது விபத்துக்கானது அல்ல, மூன்றாம் அட்டவணையின் சி பகுதியில் வரும் தொழில்நோய்களுக்கானது. கல் குவாரித் தூசியால் வரும் சிலிகோசிஸ், பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெடும் பிஸினோசிஸ் போன்றவை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒருவர் மூன்று நூற்பாலைகளில் மாறி மாறி வேலை பார்த்து நுரையீரல் கெட்டால், எந்த ஆலையின் தூசி எந்த ஆண்டு உள்ளே போனது என்று யாரால் சொல்ல முடியும்? அதனால் மூவரும் எந்த விகிதத்தில் கொடுக்க வேண்டும் என்பதை ஆணையர் நியாயப்படி முடிவு செய்யலாம் என்று விட்டிருக்கிறார்கள். உங்கள் கணவருக்கு நடந்தவையோ தேதியும் இடமும் தெரிந்த இரண்டு தனித்தனி விபத்துகள். 2015-இன் கணக்கு அன்றே முடிந்துவிட்டது. பழைய முதலாளியை இழுத்தால் அவர் ஒரு வக்கீலை வைப்பார், வாய்தா கூடும், அவ்வளவுதான். உங்கள் முதலாளிக்கு உண்மையில் வேண்டியதும் அந்த வாய்தாதான் என்று நினைக்கிறேன்.

அந்த வாய்தாவுக்கும் விலை உண்டு என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள். இழப்பீடு தீர்ப்பு நாளில் அல்ல, விபத்து நாளிலேயே கடனாகிவிடுகிறது. தச்சர் வழக்கில் சொன்னதும் அதுதான். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீதம் வட்டி. 6,86,232-க்கு அது ஆண்டுக்கு 82,000 ரூபாய்க்கு மேல். நியாயமான காரணமின்றித் தாமதித்தால் 50 சதவீதம் வரை அபராதமும் விதிக்கலாம். வட்டியை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டும், அபராதத்தை முதலாளி தன் சட்டைப்பையிலிருந்துதான் கட்ட வேண்டும் என்று 1997-இல் வேத் பிரகாஷ் கார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. இதைக் கேட்டதும் பல முதலாளிகள் பழைய முதலாளியை மறந்துவிடுகிறார்கள்.

இடையில் "நாலரை லட்சம் வாங்கிக்கொண்டு முடித்துவிடலாம்" என்று யாராவது வீட்டுக்கு வந்தால், வெள்ளைத்தாளிலோ முத்திரைத்தாளிலோ கையெழுத்துப் போட வேண்டாம். சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. சமரசம் என்றால் அதன் குறிப்பாணை ஆணையரிடம் பதிவாக வேண்டும். தொகை போதாது என்று பட்டால் பதிவு செய்ய அவர் மறுக்கலாம். மாறாக, அவர்கள் தங்கள் மருத்துவரிடம் பரிசோதனைக்கு அழைத்தால் மறுக்காமல் போய்வாருங்கள். மறுத்தால் இழப்பீட்டு உரிமையே நிறுத்திவைக்கப்படும். போகும்போது கணுக்கால் முறிவையும் அவரே முதலில் சொல்லட்டும், அதற்குப் பிறகு எத்தனை ஆண்டுகள், எந்தெந்த ஊர்களுக்கு லோடு ஏற்றிப் போனார் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். பழைய டிரிப் ஷீட்டுகளும் டோல் ரசீதுகளும் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2015 சிகிச்சையின் எக்ஸ்ரே கிடைத்தால் அதையும் எடுத்து வையுங்கள். அன்று முறிந்தது கணுக்கால் மட்டும்தான், முழங்கால் நன்றாக இருந்தது என்று அதுவே சொல்லிவிடும்.